கைபேசிப் போர் விளையாட்டுப் போட்டிகள்: பெடியளை இடையில் விடாமல் வைத்திருப்பது எப்படி?

பாடசாலைகள் மூடியிருந்த 2021 இல், எங்கள் ஊர்ப் பெடியளுக்காக ஃபிரீ ஃபயர் போட்டித் தொடர் ஒன்றைத் தொடங்கினேன். முதல் சனிக்கிழமை பன்னிரண்டு அணிகளும் வந்தன. நான்காவது சனிக்கிழமை வந்தவை ஐந்து. மற்றவர்கள் விளையாட்டை விட்டுவிடவில்லை. அதே நேரத்தில் தங்கள் பாட்டில் விளையாடிக்கொண்டுதான் இருந்தார்கள். எங்கள் போட்டிதான் அவர்களுக்குச் சலித்திருந்தது. ஊர் மட்டத்தில் இப்படிப் போட்டி நடத்த விரும்புவோர் அடிக்கடி கேட்பதால், பட்டறிந்ததை எழுதுகிறேன்.

எந்த விளையாட்டு என்பதிலேயே பாதி தீர்ந்துவிடுகிறது. பப்ஜி மொபைலில் 100 பேர் இறங்குவார்கள்; பெரிய வரைபடத்தில் ஓர் ஆட்டம் அரை மணித்தியாலம் வரை போகும். இரண்டாவது நிமிடத்தில் அடிபட்டவன் மீதி நேரம் சும்மா இருக்க வேண்டும். ஃபிரீ ஃபயரில் 50 பேர்தான், ஆட்டமும் குறுகியது, விலை குறைந்த கைபேசியிலும் ஓடும். நான்கு பேர் கொண்ட பன்னிரண்டு அணிகளைத் தனி அறையில் சேர்த்தால், ஒரு மணித்தியாலத்தில் மூன்று ஆட்டம் முடித்துவிடலாம். முதலாவதில் தோற்றவனுக்கு அன்றைக்கே இன்னும் இரண்டு வாய்ப்பு இருக்கிறது.

எங்களை விழுத்தியது புள்ளி அட்டவணை. எட்டு வாரப் புள்ளிகளையும் ஒன்றாகக் கூட்டினோம். மூன்றாவது வாரமே முதலிடம் யாருக்கென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு யார் டேட்டா செலவழித்து வருவான்? அடுத்த தொடரை மூன்று வாரச் சுற்றுகளாக உடைத்தோம். ஒவ்வொரு சுற்றும் பூச்சியத்தில் தொடங்கும். சுற்றுகளுக்கிடையில், வென்ற இரண்டு அணிகளின் வீரர்களைச் சீட்டுப் போட்டு மற்ற அணிகளுக்குள் பிரித்தோம். வென்றவர்கள் முதலில் முகத்தை நீட்டினார்கள்தான். ஆனால் கடைசியாக நின்ற அணிக்கு ஒரு நல்ல ஆட்டக்காரன் வந்ததும் அந்த அணியின் நான்கு பேரும் நேரத்துக்கு வரத் தொடங்கினார்கள்.

புள்ளி முறையை முதல்நாளே விளக்கிவிடுவது நல்லது. பெரிய போட்டிகளில் வழங்கும் முறையில் முதலிடத்துக்கு 12, இரண்டாமிடத்துக்கு 9, மூன்றாமிடத்துக்கு 8, பிறகு ஒவ்வொன்றாகக் குறையும். வீழ்த்தும் ஒவ்வொருவருக்கும் 1. ஒருவரையும் வீழ்த்தாமல் பதுங்கியிருந்து இரண்டாவதாக வரும் அணிக்கு 9 கிடைக்கும். ஆறு பேரை வீழ்த்திப் பத்தாமிடத்தில் போகும் அணிக்கு 7 தான். சுடத் தெரியாத அணிக்கும் பொறுமையால் ஓர் இடம் உண்டு என்பது விளங்கியதும், விலகப்போன இரண்டு அணிகள் நின்றுகொண்டன.

2022 இல் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வோர் எழுத்து, ஒவ்வொரு நேரம். அட்டவணையை வைத்துக்கொண்டு பொதுவாக மின்சாரம் உள்ள ஒரு மணித்தியாலத்தைத் தேடினேன். கிடைக்காத வாரங்களில் போட்டியை நிறுத்தினேன். முதல்நாளே அறிவித்து நிறுத்தினால் பெடியள் கோபிப்பதில்லை. வரச்சொல்லிவிட்டுக் காக்கவைத்தால்தான் அடுத்த முறை வரமாட்டார்கள். சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலங்களிலும் தொடர் இல்லை. இது பெற்றோருக்காகச் செய்தது.

பணப்பரிசை ஒருமுறை வைத்துப் பார்த்தோம். ஏமாற்று மென்பொருள், சண்டை, அழுகை எல்லாம் அந்த ஒரே வாரத்தில் வந்தன. இப்போது பரிசு ஒரு கேடயம் மட்டும். நேரலையையும் சில நிமிடங்கள் தாமதித்தே விடுகிறோம், இல்லாவிட்டால் எதிரணி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அதிலேயே பார்த்துவிடுவார்கள்.

ஆட்களை உண்மையில் பிடித்துவைத்தவர் எங்கள் வர்ணனையாளர். சிறுவயதில் எறிகணைச் சிதறலில் இடக்கை விரல்கள் போனவர். விளையாட முடியாது என்று ஒதுங்கியிருந்தவரிடம் மைக்கைக் கொடுத்தோம். "உந்தப் பத்தைக்குள்ள இருக்கிறவன் எங்கட குட்டித்தம்பிதான், மூச்சு விடாதையடா" என்று அவர் தொடங்கினால், தோற்ற அணிகளும் போகாமல் இருந்து கேட்கும்.

ஒருநாள் ஓர் ஆட்டக்காரனின் தாய் என்னை வழியில் மறித்தார். முள்ளிவாய்க்காலால் வெளியே வந்தவர். "தம்பி, விளையாடட்டும், நான் வேண்டாமெண்டு சொல்லேல்ல. அந்தச் சத்தத்தை மட்டும் நிப்பாட்டச் சொல்லு. இரவில எனக்கு நெஞ்சு படபடக்குது" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அந்த ஆட்டங்களை ஒரு வருடமாக நடத்தியும் அடுத்த அறையில் யார் படுத்திருக்கிறார்கள் என்று நான் யோசித்ததேயில்லை.

அன்றிலிருந்து ஹெட்செட் இல்லாதவருக்கு அறையின் கடவுச்சொல் கிடையாது. வாங்க முடியாதவர்களுக்கு நாங்கள் நான்கைந்தை வாங்கி வைத்திருக்கிறோம். அணிப் பெயர்களில் படைகளின் பெயரோ இயக்கங்களின் பெயரோ வேண்டாம் என்றும் முடிவெடுத்தோம். எதிரணியில் தகப்பனை இழந்த பிள்ளை இருக்கலாம். பெயரைப் பார்த்துக் கேள்வி கேட்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். மே நடுப்பகுதியில் இரண்டு வாரம் போட்டி இல்லை. அதை யாரும் வாக்கெடுத்துத் தீர்மானிக்கவில்லை, பெடியளே அறிவித்தார்கள்.

அடுத்த சுற்றுக்கு ஒன்பது அணிகள் பதிந்திருக்கின்றன. அந்தத் தாயின் மகன் இம்முறை அணித்தலைவன்.