எட்டு என்ஜின் விமானமும் அதன் வாரிசுகளும்

அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானம் முதலில் பறந்தது 1952 ஏப்ரல் 15 அன்று. உற்பத்தி 1962இல் நின்றது. எஞ்சியிருக்கும் 76 விமானங்களைப் புது என்ஜின், புது ரேடாருடன் 2050கள் வரை பறக்கவிட அந்நாட்டு விமானப்படை திட்டமிட்டுள்ளது. இதைப் பேசுகிறவர்கள் அந்தக் காலத்து வேலைப்பாட்டை வியப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வியக்கலாம்தான், 1948 அக்டோபரில் டேட்டன் நகர ஓட்டல் ஒன்றில் போயிங் பொறியாளர்கள் ஒரு வார இறுதிக்குள் 33 பக்கத் திட்ட அறிக்கையையும் பால்சா மரத்தில் ஒரு மாதிரியையும் முடித்துக் கொடுத்தார்கள். ஆனால் கட்டுமான உறுதி மட்டும் ஒரு போர் விமானத்துக்கு நூறாண்டு ஆயுளைத் தந்துவிடாது. எதிரி வானத்துக்குள் ஊடுருவும் பொறுப்பை விமானத்திடமிருந்து ஏவுகணை வாங்கிக்கொண்டதால்தான் பி-52 பிழைத்தது என்பது என் கணிப்பு.

சோவியத் பீரங்கிகளுக்கு எட்டாத உயரத்தில் போய் அணுகுண்டு வீசுவதற்காகப் பிறந்த விமானம் அது. 1960 மே மாதம், அதைவிட உயரத்தில் பறந்த யு-2 உளவு விமானத்தையே சோவியத் ஏவுகணை வீழ்த்தியது. உயரம் காப்பாற்றாது என்றானதும், ரேடாருக்குத் தப்ப பி-52ஐத் தாழப் பறக்கவைத்தார்கள். அதற்காகக் கட்டப்படாத உடல் அந்தக் காற்றுக் கொந்தளிப்பில் வாங்கிய அடி கொஞ்சமல்ல. 1964 ஜனவரியில் சோதனைக்குப் பறந்த ஒன்று செங்குத்து வாலை ஏறக்குறைய முழுதாக இழந்தபின்னும் தரையிறங்கியது. விமானிகளின் திறமைக்கு அது சான்று, திட்டத்துக்கு அல்ல. 1972 டிசம்பரில் ஹனோய் மீது நடந்த தாக்குதலில் 15 பி-52கள் போயின. 1982இல் படைக்கு வந்த க்ரூஸ் ஏவுகணைதான் கணக்கை மாற்றியது. 2,400 கிலோமீட்டருக்கு அப்பால் நின்றே அதை ஏவலாம் என்றானபின், சுமந்துபோகும் விமானம் வேகமாகவோ மறைவாகவோ இருக்கவேண்டிய தேவை குறைந்தது.

வாரிசுகளோ அந்த ஊடுருவலைத் தாங்களே செய்ய முயன்றவை. ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில் பறந்த பி-58, 1970இலேயே ஓய்வுபெற்றது. மும்மடங்கு வேகத்துக்கு வடிவமைத்த பி-70 இரண்டு சோதனை விமானங்களோடு நின்றது. ரேடாரில் எளிதில் சிக்காத பி-2இல் 132 வேண்டும் என்றார்கள். விலை ஏறியது, 21இல் முடிந்தது. 2001இல் டியாகோ கார்சியாவிலிருந்து கிளம்பி ஆப்கானிஸ்தானில் இலக்கின் மேலேயே பறந்து பி-52 குண்டு வீசவில்லையா என்று கேட்கலாம். வீசியது, சுட்டுவீழ்த்தத்தக்க வான் பாதுகாப்பு அங்கே எதிரியிடம் இல்லை. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2025 ஜூனில் ஈரானின் ஃபோர்டோ நிலத்தடி ஆலைமீது 13 டன்னுக்கும் அதிக எடையுள்ள குண்டுகளைப் போட பி-2தான் போகவேண்டியிருந்தது. அத்தகைய இலக்குக்கு ஊடுருவும் விமானம் இன்றும் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வேலைக்குச் சில விமானங்கள் போதும். படை முழுவதையும் அப்படிக் கட்டினால் கஜானா தாங்காது.

என்ஜின் விவகாரத்தையும் இந்தக் கோணத்தில்தான் பார்க்கவேண்டும். பழைய என்ஜின் எட்டையும் கழற்றிவிட்டு நான்கு பெரிய ரோல்ஸ் ராய்ஸ் என்ஜின்களைப் பொருத்தலாம் என்று 1996இலேயே போயிங் சொன்னது. செலவு மீளாது என்று விமானப்படை தட்டிக்கழித்தது. எரிபொருளைத் தரையில் வாங்கும் விலைக்கே கணக்கிட்டிருந்தார்கள். நடுவானில் டேங்கர் விமானம் கொண்டுபோய் நிரப்பும் செலவு அதில் சேரவில்லை. பாதுகாப்புத் துறையின் அறிவியல் வாரியம் இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டியபின்னும் காரியம் நடக்க வெகுகாலமாயிற்று. 2021இல்தான் ரோல்ஸ் ராய்ஸின் எஃப்130 தேர்வானது, அதுவும் விமானத்துக்கு எட்டு வீதம் 608 என்ஜின்கள், உதிரி தனி. பெரிய என்ஜின் நான்கு மாட்டினால், ஒரு பக்கம் ஒன்று நின்றுபோகும்போது விமானம் திரும்பிக்கொள்ளும் வேகத்தை அந்தச் சிறிய சுக்கான் சமாளிக்காது. பணக்காரர்களின் தனி ஜெட்டுகளை ஓட்டும் என்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தது எஃப்130. எரிபொருள் மிச்சமாகும், பராமரிப்பு குறையும், டேங்கரை நம்பியிருப்பதும் குறையும். பி-52ஜே என்று பெயர் மாறப்போகும் இந்த விமானத்தை இன்னும் வேகமாகவோ ரேடாருக்குத் தெரியாமலோ பறக்கவைக்கும் ஏற்பாடு எதுவும் திட்டத்தில் இல்லை.