ரன்னிங் பேக் பகிர்வு முறை

ரன்னிங் பேக் பகிர்வு முறை என்பது அமெரிக்கக் கால்பந்தில் பந்தை ஏந்தி ஓடும் பொறுப்பை ஒரே வீரரிடம் விடாமல், இருவர் அல்லது மூவருக்குப் பிரித்தளிக்கும் தாக்குதல் உத்தியாகும். தொழில்முறை, கல்லூரி ஆட்டங்கள் இரண்டிலும் இது வழக்கில் உள்ளது.

பிரிவினை பெரும்பாலும் உடல்வாகையும் ஆட்டச் சூழலையும் ஒட்டியது. கனத்த உடலமைப்புடையவர் தற்காப்பு வரிசையின் நடுவைப் பிளந்து ஓடுவார். ஓரிரு கெஜம் மட்டுமே தேவைப்படும்போது அவரே களமிறங்குவார். விரைவு மிக்கவர் பக்கவாட்டு ஓட்டங்களை ஏற்பார். மூன்றாம் டவுனில் (மூன்றாவது முயற்சியில்), எறியப்படும் பந்தைப் பிடிக்கவும் அதை எறியும் குவார்ட்டர்பேக்கைக் காக்கவும் வல்லவருக்கே முதலிடம்.

இம்முறையின் தலைசிறந்த சான்று, டான் ஷூலா பயிற்றுவித்த 1972ஆம் ஆண்டின் மயாமி டால்ஃபின்ஸ் அணி. அதில் லாரி சோங்கா 1,117 கெஜமும், மெர்க்குரி மோரிஸ் 1,000 கெஜமும் ஓடினர். ஒரே பருவத்தில் ஓரணியின் இருவர் ஆயிரத்தை எட்டியது அதுவே முதல்முறை. மோரிஸின் கணக்கு முதலில் 991 எனப் பதிவாகி, மறுஆய்வில் திருத்தப்பட்டது. மூன்றாமவரான ஜிம் கீக்கின் பங்கும் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. அணி தன் 17 ஆட்டங்களிலும் வென்றது. 2008இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் பிராண்டன் ஜேக்கப்ஸ், டெரிக் வார்டு இருவரும், 2009இல் கரோலைனா பாந்தர்ஸ் அணியின் ஜோனதன் ஸ்டூவர்ட், டிஆஞ்சலோ வில்லியம்ஸ் இருவரும் ஆயிரத்தைக் கடந்தனர்.

தொடர் மோதல்களால் விரைவில் தேயும் ரன்னிங் பேக்குகளின் உடலுக்கு ஓய்வு கிடைப்பதே இம்முறையின் முதன்மைப் பயன். களத்தில் நிற்பவரை வைத்தே எதிரணி அடுத்த நகர்வை ஊகிக்க முடிவது இதன் பெருங்குறை. பந்தை ஏந்தி ஓடுவது, எறியப்படும் பந்தைப் பிடிப்பது ஆகிய இருவகை வேலையும் அறிந்த வீரர்களைக் கொண்ட அணிகளுக்கு அக்குறை நேர்வதில்லை.