கை தூக்காத பிள்ளைகள்



சனிக்கிழமை காலையில் யெகோவாவின் சாட்சிகள் கதவைத் தட்டினால், நம்மில் பலர் சத்தம் காட்டாமல் உள்ளேயே இருந்துவிடுவோம். திரித்துவத்தை ஏற்காத அவர்களுடைய உபதேசம் நமக்கு உடன்பாடானதல்ல. ஆனாலும் அமெரிக்காவில் நம் பிள்ளைகள் அனுபவிக்கும் ஒரு பெரிய உரிமை, அவர்களுடைய பிள்ளைகள் பட்ட பாட்டினால் உறுதியானது.

1935-ல் பென்சில்வேனியா மாநிலத்தின் மைனர்ஸ்வில் ஊரில் 12 வயது லில்லியனும் அவளுடைய 10 வயதுத் தம்பி வில்லியமும் பள்ளியில் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்தார்கள். நாட்டின்மேல் வெறுப்பினால் அல்ல. அப்படிச் செய்வது விக்கிரகத்தைப் பற்றிய கட்டளையை மீறுவதாகும் என்று நம்பினார்கள். பள்ளி அவர்களை நீக்கியது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1940 ஜூன் 3 அன்று, 9 நீதிபதிகளில் 8 பேர் பள்ளியின் பக்கம் நின்றார்கள். தேச ஒற்றுமையே பெரிது என்றார்கள். ஹார்லன் ஸ்டோன் ஒருவர் மட்டும் மறுத்தார். அடுத்த சில நாட்களில் பல ஊர்களில் யெகோவாவின் சாட்சிகள் தாக்கப்பட்டார்கள். மெயின் மாநிலத்தின் கென்னபங்கில் அவர்களுடைய மன்றத்துக்குத் தீ வைத்தார்கள்.

பிறகு மேற்கு வர்ஜீனியாவில் பார்னெட் குடும்பத்துச் சகோதரிகள் இருவர் இதே காரணத்துக்காகப் பள்ளியை விட்டு அனுப்பப்பட்டார்கள். இந்த முறை, 1943 ஜூன் 14 அன்று, 6-க்கு 3 என்ற கணக்கில் பிள்ளைகள் வென்றார்கள். உலகப் போர் உக்கிரமாக நடந்த நேரம் அது. எதை நம்ப வேண்டும் என்று எந்த அதிகாரியும் கட்டளையிட முடியாது. அடிப்படை உரிமைகள் ஓட்டெடுப்புக்கு உட்பட்டவை அல்ல என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் விளக்கினார். அன்று தனித்து நின்ற ஸ்டோன் இப்போது தலைமை நீதிபதி.

இந்தத் தீர்ப்பு நம் தாய்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. 1985-ல் கேரளத்தில் மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றும், பாடாததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986-ல் இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய அந்தத் தீர்ப்பில் அமெரிக்க வழக்கும் பேசப்படுகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். மத சுதந்திரத்தைக் காக்கும் திருத்தம் 1791 முதலே அமெரிக்க அரசியலமைப்பில் இருக்கிறது. 1940-க்கும் 1943-க்கும் இடையே அதில் ஒரு எழுத்தும் மாறவில்லை. முன்பு பள்ளியின் பக்கம் நின்ற நீதிபதிகளில் சிலர் மனம் மாறினார்கள்; புதியவர்களும் வந்தார்கள். சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அதற்காக நிற்க ஆட்கள் வேண்டும்.

சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ கதையை ஞாயிறு பள்ளியில் நாம் எல்லோரும் நடித்திருக்கிறோம். அவர்களாக நடிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் மைனர்ஸ்வில்லில் நாம் இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்போம்? உங்கள் வகுப்பில் வேறு விசுவாசமுள்ள ஒருவர் தனித்து நிற்கும்போது, அவருடைய உபதேசத்தை ஏற்காமலே அவருடைய உரிமைக்காகப் பேசலாம். அந்தத் தைரியத்தைக் கர்த்தர் நமக்குத் தருவாராக.