பலகை விழும் தூரம்: கால்பந்து அரங்கின் பெரும் பதாகைகளும் திட்ட அனுமதியும்

1. சிக்கல்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்குக் கால்பந்து அயல் ஆட்டமன்று. தூத்தூர் கடற்கரை ஊர்களில் பிள்ளைகள் மணலில் பந்து உதைத்தே வளர்கிறார்கள். மலையடிவாரத்துக் குலசேகரத்திலிருந்து சிறிது தூரம் மேற்கே போனால் கேரள எல்லை. அங்கே உலகக் கோப்பைக் காலத்தில் ஆட்டக்காரர்களின் கட்-அவுட்டுகள் மரத்தையும் மாடியையும் மிஞ்சி நிற்கும். ஆட்டத்தின் மீதான அன்பு இவ்வளவு பெரிய உருவம் எடுக்கும்போது, அதை நிறுத்த அனுமதி தருபவர் யார், எதைப் பார்த்துத் தரவேண்டும் என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி.

நம் நடைமுறை ‘யாருடைய நிலம்?’ என்றே முதலில் கேட்கிறது. பலகை எங்கே விழும், எங்கிருந்து தெரியும் என்ற இரண்டையும் வைத்தே அனுமதியின் எல்லையை வரைய வேண்டும் என்பது என் வாதம்.

2. புள்ளாவூர் ஆறு

2022 கத்தார் உலகக் கோப்பைக்குச் சற்று முன்பு, கோழிக்கோடு மாவட்டம் புள்ளாவூரில் அர்ஜென்டினா ரசிகர்கள் ஆற்றின் நடுவே 30 அடி உயர மெஸ்ஸியை நிறுத்தினார்கள். பிரேசில் ரசிகர்கள் 40 அடி நெய்மாரைக் கொண்டுவந்தார்கள். பிறகு 50 அடி ரொனால்டோவும் வந்தார். படம் உலகெங்கும் பரவியது. ஃபிஃபாவே அதைப் பகிர்ந்தது. ஆற்றின் ஓட்டம் தடைபடுகிறது என்று சாத்தமங்கலம் ஊராட்சிக்குப் புகார் போனது. அந்த இடம் தங்கள் எல்லைக்குள் வருகிறது என்று கொடுவள்ளி நகராட்சி உரிமை கோரியது. எந்த அமைப்பின் ஆறு என்பதே பெரும் பேச்சானது. வெள்ளம் வந்தால் அந்தக் கட்-அவுட்டுகள் எங்கே போய் அடைக்கும் என்ற கேள்வி பின்னுக்குப் போனது.

புள்ளாவூரில் நல்வாய்ப்பாக யாருக்கும் தீங்கில்லை. மும்பை காட்கோபரில் அப்படி நடக்கவில்லை. 2024 மே 13 அன்று புழுதிக்காற்றில் பெட்ரோல் நிலையத்தின் மேல் சாய்ந்த விளம்பரப் பலகை 120 அடிக்கு 120 அடி. மாநகராட்சி ஏற்கும் அளவோ 40 அடிக்கு 40 அடி. 17 பேர் இறந்தனர். நிலம் ரயில்வே காவல்துறையின் வசம் இருந்தது. தன்னிடம் அனுமதி பெறவில்லை என்றது மாநகராட்சி. பலகை நின்றது ஒருவர் இடத்தில்; விழுந்ததோ வேறு மக்களின் தலையில்.

3. காற்றின் கணக்கு

சாதாரணமான ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம்: 40 அடி அகலம், 20 அடி உயரம், ஏறக்குறைய 74 சதுர மீட்டர். காற்றுச் சுமைக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 875, மூன்றாம் பகுதி, அண்டையிலுள்ள திருவனந்தபுரத்துக்கு நொடிக்கு 39 மீட்டர் அடிப்படை வேகம் தருகிறது. அதாவது மணிக்கு 140 கி.மீ. நொடிக்கு மீட்டரில் சொன்ன வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 913 நியூட்டன் அழுத்தம். மொத்தப் பலகையின் மேல் ஏறக்குறைய 7 டன். உயரம், நிலப்பாங்கு போன்ற திருத்தங்களைச் சேர்க்காத கணக்கு இது. அரங்கின் விளிம்பில், கூரைக்கு மேலே பலகை ஏறும்போது உயரத்தோடு வேகமும் கூடும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் இம்மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் மரங்கள் வரிசையாக முறிந்து கிடந்ததைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கோவை கருமத்தம்பட்டியில் 2023 ஜூனில் பலகை பொருத்திக்கொண்டிருந்த மூன்று தொழிலாளர்கள் காற்றில் பலகையின் சட்டகம் சரிந்து மாண்டார்கள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் 23 வயது மென்பொருள் பொறியாளர் ஒருவரின் உயிரைப் பறிக்க, அனுமதியின்றிக் கட்டிய ஒரு திருமணப் பதாகையே போதுமானதாக இருந்தது.

4. மூன்று கோப்புகள்

தமிழ்நாட்டில் அரங்கின் கட்டடத்துக்கு 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். பலகைக்கு உள்ளாட்சியின் உரிமம், நகர்ப்புறமானால் 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் அதன் 2023 விதிகளும். அரசு அரங்கமானால் அதன் பராமரிப்பு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கையில். நாளை நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கின் வெளிச்சுவரில் பெரும் பலகை ஏற்ற ஒருவர் விரும்பினால், இந்த மூன்று கோப்புகளும் தனித்தனியே நகரக்கூடும். பலகை விழக்கூடிய சாலையும் அதன் மேல் ஓடும் மின்கம்பியும் எந்தக் கோப்பிலும் முழுமையாக இடம்பெறாமல் போகலாம்.

இங்கிலாந்தின் 2007ஆம் ஆண்டு விளம்பரக் கட்டுப்பாட்டு விதிகள் இரண்டையே கேட்கின்றன: சுற்றுப்புறத்தின் அழகும் அமைதியும் கெடுமா? பொதுப் பாதுகாப்பு குறையுமா? வெளியிலிருந்து எளிதில் தெரியாதபடி அரங்கின் உள்ளே இருக்கும் விளம்பரத்துக்குத் தனி ஒப்புதல் வேண்டாம். பலகையின் எல்லை பார்ப்பவரின் கண் வரை நீள்கிறது என்பதை அந்த விலக்கு ஒப்புக்கொள்கிறது.

5. மறுப்பும் விடையும்

அரங்கத்தைப் பராமரிக்கப் பணம் வேண்டும், விளம்பரம்தான் அதைத் தரும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அரங்கினுள் வரும் விளம்பர வருவாய்க்கு இங்கே தடை ஏதும் இல்லை. 2006 உலகக் கோப்பையின்போது மியூனிக்கின் அலியான்ஸ் அரினா, தன் நிறுவனப் பெயரை மறைத்துக்கொண்டே ஆட்டங்களை நடத்தியது. ஆட்டத்தின் மதிப்பு எள்ளளவும் குறையவில்லை. ரசிகர்கள் காசு சேர்த்து வைப்பது வணிகமில்லையே என்பார்கள் சிலர். காற்று அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. அவர்களுக்குக் கட்டணமில்லாத, தேதியிட்ட தற்காலிக அனுமதி தரலாம். பொறியாளர் சான்றை மட்டும் விடக்கூடாது.

6. முடிவு

பலகையின் உச்சி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதையே ஆரமாகக் கொண்டு ஒரு வட்டம் வரைய வேண்டும். அந்த வட்டத்துக்குள் வரும் நெடுஞ்சாலைத் துறை, மின்வாரியம், அண்டை வீட்டார், நீர்நிலையின் பொறுப்பாளர் அனைவரின் கருத்தும் உள்ளாட்சியின் ஒரே கோப்பில் சேரவேண்டும். வெளியிலிருந்து தெரியும் பலகைக்கு இரவு வெளிச்சத்தின் அளவையும் அதிலேயே குறிக்க வேண்டும். அனுமதி எண்ணும் அகற்றும் நாளும் வழிப்போக்கர் படிக்கும்படி பலகையிலேயே இருக்க வேண்டும். குலசேகரம் அரசமூடு சந்திப்பில் பேருந்துக்கு நிற்கும் ஒரு தாய், தலைக்கு மேல் நிற்பதைப் பார்த்து, ‘இதற்கு யார் பொறுப்பு?’ என்று கேட்டால், பேரூராட்சிச் செயல் அலுவலர் அந்த ஒரே கோப்பைத் திறந்து விடை சொல்ல முடிய வேண்டும்.