படக்குறிப்பின் இலக்கணம்

இலண்டனில் இந்திய அருங்காட்சியகத்தின் வாயிலாக 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்னும் ஆங்கில நூலில் 400க்கும் மேற்பட்ட நிழற்படங்கள் உள்ளன. ஃபோர்பஸ் வாட்சன், ஜான் வில்லியம் கே ஆகிய இருவரும் அதன் பதிப்பாசிரியர்கள். 1857 எழுச்சிக்குப் பின் குடிகளை இனங்கண்டு வகைப்படுத்தும் தேவை ஆட்சியாளர்க்கு மிகுந்திருந்த காலம் அது. படத்தில் நிற்பவர் தனியொருவர். அடியிலுள்ள குறிப்போ பெரும்பாலும் ஒரு சாதியின் அல்லது குடியின் பெயர். ஒருவரைக் காட்டிப் பலரைச் சுட்டும் இவ்வழக்கே 'மாதிரி மனிதர்' என்னும் கருத்தாக்கத்திற்கு மொழிவழி அமைந்த அடித்தளம் எனலாம்.

இத்தகைய குறிப்புகளைத் தமிழாக்க முனைவோர் ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்வர். நீலகிரி வாழ் மக்களைக் குறிக்கும் 'தோடா' என்னும் சொல் ஆங்கிலக் குறிப்பில் தனித்து நிற்கையில் பாலையோ எண்ணையோ உணர்த்துவதில்லை. தமிழிலோ தோடர், தோடன், தோடப் பெண் என ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். ஒரு பெண்ணின் படத்தின் கீழ்த் 'தோடர்' என எழுதினால் அது பலர்பாலாகவும் கொள்ளப்படும். உயர்வு குறித்த ஒருமையாகவும் கொள்ளப்படும். பின்னதாயின், மூலத்தில் இல்லாத மதிப்பொன்றை மொழிபெயர்ப்பு தானே வழங்கிவிடுகிறது. இதனைப் பிழை என்பதா, ஈடு என்பதா?

1869இல் லாம்ப்ரே என்பார் பட்டு நூலால் ஈரங்குலக் கட்டங்கள் அமைந்த சட்டமொன்றை வகுத்தார். உடலை அதன்முன் நிறுத்திப் படமெடுத்தால் உறுப்புகளின் அளவை ஒப்பிடலாம். பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா, கிளேர் ஆர்னி என்னும் நிழற்படக் கலைஞருடன் 2000 முதல் 2004 வரை உருவாக்கிய படத்தொடரில் இத்தகைய கட்டத்திரை மீண்டும் தோன்றுகிறது; அளக்கப்படும் பெண்ணாக அவரே அதன்முன் நிற்கிறார். தொடரின் ஆங்கிலத் தலைப்பும் பழைய இனவரைவியல் நூற்பெயர்களின் எதிரொலியே. 'தென்னிந்தியச் சுதேசப் பெண்கள்: நடையுடை பழக்கவழக்கங்கள்' எனப் பெயர்த்தால் ஏளனம் மறைந்துவிடும்; 'சுதேசி' என்னும் சொல் விடுதலைப் போராட்டத்தில் பெருமிதம் பெற்றுவிட்டது. 'நாட்டுப் பெண்கள்' என்பதே மூலத்தின் இளக்காரத்தை ஓரளவு தாங்கும்.

பெயரிழப்பு இத்துறையில் தவிர்க்கவியலாத ஒன்றாக இருந்ததில்லை. ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட 'தோடர்கள்' என்னும் நூலில் வமிசாவளிகள் ஆட்பெயர்களோடு பதிவாகியுள்ளன. இறந்தோர் பெயரை உச்சரிக்கத் தயங்கும் மரபுடைய மக்களிடையே இப்பணி எளிதாக இருந்திராது.

'தோடா' என்பது பிறர் வழங்கும் பெயர். அம்மக்கள் தம்மைக் குறிக்க வழங்கும் சொல்லுக்கு 'மனிதர்' என்பதே பொருள். பரோவும் எமனோவும் தம் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் அதனைத் தமிழ் 'ஆள்' என்பதனோடு ஒரே பதிவில் வைத்துள்ளனர்.