கொழும்புக் குப்பை புத்தளம் போகும் வழி

காலையில் வாசலில் வைத்த குப்பைப் பையை மாநகர சபை லொறி எடுத்துச் சென்றதும் நம் பொறுப்பு முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். அந்தப் பை பிறகு எங்கே போகிறது என்ற கேள்வி 2017 ஏப்ரல் 14ஆம் திகதி வரை பலருக்கு எழவேயில்லை. சித்திரைப் புத்தாண்டு தினமான அன்று பிற்பகல், மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து பக்கத்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்டோர் மரணித்தனர்.

புளூமெண்டால் குப்பை மேடு 2009இல் மூடப்பட்ட பின்னர் கொழும்பின் குப்பை மீதொட்டமுல்லைக்குத் திருப்பப்பட்டது. நாளொன்றுக்குச் சுமார் 800 தொன் அங்கு கொட்டப்பட்டது. அடியில் சதுப்பு நிலம். தடுப்பு விரிப்பு இல்லை, மேலே மண் மூடவில்லை, வடியும் நீருக்கு வழியும் இல்லை. மழைநீரை உறிஞ்சிய குப்பையின் பாரத்தை அந்த நிலத்தால் தாங்க முடியவில்லை. இதை நிலநிரப்புத் தளம் என்று சொல்வது தவறு. அது வெறும் திறந்த குப்பை மேடு.

இதற்கு மாற்றாக முன்வைக்கப்பட்டதே களனியில் ஓர் இடைமாற்று நிலையம், புத்தளம் மாவட்டத்தின் அருவக்காலுவில் ஒரு நிலநிரப்புத் தளம் என்ற திட்டம். இரண்டுக்கும் இடையே சுமார் 170 கிலோமீற்றர்.

இடைமாற்று நிலையம் குப்பையைச் சேமிக்கும் இடமல்ல. தெருவில் சேகரிக்கும் சிறிய லொறி சில தொன் மட்டுமே ஏற்றும். அதை 170 கிலோமீற்றர் அனுப்பினால் எரிபொருளும் நேரமும் வீண். ஆகவே லொறி முதலில் எடைத் தராசில் நிறுக்கப்படும். பிறகு கூரையிட்ட தளத்தில் குப்பையைக் கொட்டும். எரிவாயு சிலிண்டர், பற்றரி போன்ற ஆபத்தான பொருட்கள் கண்ணில் பட்டால் அங்கேயே ஒதுக்கப்படும். மீதியை இயந்திரம் அழுத்தி, ஒழுகாத கொள்கலன்களில் அடைக்கும். அந்தக் கொள்கலன்களை ரயிலில் ஏற்றுவதே களனித் திட்டம். வந்த குப்பை ஒரு நாளுக்குமேல் தங்காதிருப்பது இத்தகைய நிலையத்துக்கு முக்கியம். தங்கினால் நாற்றமும் ஈயும் அயலவருக்குத்தான்.

முறையான நிலநிரப்புத் தளத்தில் வேலை அடியிலிருந்தே தொடங்குகிறது. இறுக்கிய களிமண், அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, அதற்கும் மேல் சரளைக் கல், இடையே துளையிட்ட குழாய்கள். குப்பை உக்கும்போது வடியும் கறுப்பு நீர் அந்தக் குழாய்களால் சேகரிக்கப்பட்டு, சுத்திகரிக்கப்பட்ட பின்னரே வெளியே விடப்பட வேண்டும். கொட்டிய குப்பையைக் கனரக வாகனம் நசுக்கும். மாலையில் அன்றைய குப்பைமீது மண் பரப்பப்படும். காகம், எலி, தீ ஆகியவற்றைத் தடுப்பது பெரும்பாலும் இந்த மண்தான். காற்றுப்படாத ஆழத்தில் மீதேன் வாயு உருவாகிறது. அதைக் குழாய் வைத்து வெளியே எடுத்து எரிக்கவோ மின்சாரமாக்கவோ வேண்டும். தளம் நிறைந்து மூடிய பின்னும் 30 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்கின்றன அமெரிக்க விதிகள்.

அருவக்காலு சீமெந்துக்காகச் சுண்ணாம்புக் கல் தோண்டிய இடம். அருகில் வில்பத்துக் காடு, மறுபுறம் களப்பு. சுண்ணாம்புப் பாறையில் நீர் வெடிப்புகள் வழியே வேகமாக ஓடும். அடி விரிப்பு எங்காவது கிழிந்தால் கறுப்பு நீர் நிலத்தடி நீரில் கலக்கும் என்ற அச்சம் அதனால் எழுந்ததே. ஏற்கெனவே சீமெந்துத் தூசியோடு வாழும் எங்களிடமா கொழும்பின் குப்பை என்று கேட்டு 2018இல் புத்தளம் மக்கள் நாட்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. குப்பையைப் போட்டவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர் என்ற நிலை அதில் இருக்கிறது. இருந்தும் 2019 ஓகஸ்டில் லொறிகளில் குப்பை வரத் தொடங்கியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அங்கே வெடிப்பு ஏற்பட்டது. தேங்கிய மீதேன் வாயுவே காரணமாகப் பேசப்பட்டது.

கறுப்பு நீரும் மீதேனும் எதிலிருந்து வருகின்றன? கண்ணாடியிலிருந்தோ தகரத்திலிருந்தோ அல்ல. சோறு, கறி, மரக்கறித் தோல், மீன் கழிவு ஆகியவற்றிலிருந்து. நம் நாட்டு வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேற்பட்டது இத்தகைய உக்கும் பொருளே, அதிலும் பெரும்பங்கு தண்ணீர். அதாவது பெருஞ்செலவில் 170 கிலோமீற்றர் கொண்டுபோவதில் பெரும் பகுதி நம் சமையலறைத் தண்ணீர். வலீமா முடிந்து மிஞ்சும் சாப்பாடும் ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யாவின் குடலும் பொலித்தீன் பையில் கட்டப்பட்டு லொறியில் ஏறினால் இதே கதைதான். இறைச்சிக் கழிவைத் தோட்டத்தில் ஆழமாகப் புதைக்கலாம். இடமில்லாத மாடி வீட்டுக்காரர் குறைந்தபட்சம் தண்ணீரை வடித்து, உக்குவதைத் தனிப் பையில் கொடுக்கலாம். தனியாகக் கொடுத்ததை லொறியில் மீண்டும் ஒன்றாகக் கொட்டுவதைப் பார்த்தால், அந்த லொறியின் இலக்கத்தையும் திகதியையும் குறித்து உள்ளூராட்சி சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள்.