பெரியாற்றில் மிதந்த படகுகள்

நீர்நிலையில் படகேறி உலாவி மகிழ்தல் மேலைநாட்டார் கற்றுத்தந்த பொழுதுபோக்கு என்று கருதுவோர் உளர். தமிழிலக்கியம் அக்கருத்தை மறுக்கும். வையையில் புதுப்புனல் வந்தது என்ற செய்தி கேட்ட அளவில் மதுரை மாநகரமே ஆற்றங்கரைக்குப் பெயர்ந்ததைப் பரிபாடல் காட்டுகிறது. அதே வையைத் துறையில் குதிரைமுகமும் யானைமுகமும் சிங்கமுகமும் கொண்ட படகுகள் இயங்கியதை இளங்கோவடிகள் பாடுகிறார். ஆனால் கோவலனும் கண்ணகியும் அப்பெருந்துறையை நாடவில்லை. ஆளரவம் குறைந்த கரையொன்றில் மரப்புணை ஏறி மறுகரை சேர்ந்தனர். ஓர் ஆறு, இருவகைப் பயணம்: ஒன்று களிப்புக்கு உரியது, மற்றொன்று வாழ்வைத் தேடியது. கம்பம் பள்ளத்தாக்கின் நீர் வரலாறு முழுவதும் இவ்விரண்டும் பின்னிக் கிடக்கின்றன.

செங்குட்டுவன் கண்ட பேரியாறு

மலைவளம் காணும் விருப்பால் சேரன் செங்குட்டுவன் தன் தேவி வேண்மாளொடும் சுற்றத்தொடும் புறப்பட்டுப் பேரியாற்றங்கரை மணலில் தங்கியதை வஞ்சிக்காண்டம் உரைக்கிறது. அது ஓர் இன்ப உலாவே. ஆயினும், மலைபடு பொருள்களைக் காணிக்கையாகக் கொணர்ந்த குன்றவாணர், வேங்கை நிழலில் நின்று விண்ணேகிய ஒருத்தியின் செய்தியையும் கொணர்ந்தனர். களிப்பை நாடி வந்த மன்னன் ஒரு பெண்ணின் துயரைக் கேட்டுக் கோயில் எடுக்கத் துணிந்தான். கூடலூருக்கு மேலே மலைமுகட்டில் நிற்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலே அக்கோட்டம் என்பது இப்பள்ளத்தாக்கு மக்களின் உறுதியான நம்பிக்கை. ஆண்டுக்கொரு முறை, சித்திரை முழுநிலவு நாளில், அவர்கள் அங்கு மலையேறிச் செல்கின்றனர்.

ஏரி பிறந்த கதை

அம்மலைக்கு அப்பால் இன்று பயணிகள் படகேறும் தேக்கடி ஏரி, இயற்கை தந்த ஏரியன்று. பசி தந்த ஏரி. மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்பருக்குத் தோன்றியது. 1808இல் இடத்தை ஆராய்ந்த ஆங்கிலேயத் தளபதி கால்டுவெல் அது நடவாத காரியம் என்று ஒதுக்கினார். 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம் அவ்வெண்ணத்துக்கு மீண்டும் உயிரூட்டியது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர் நிலத்துக்கு ஏக்கருக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய். 1887இல் பென்னிகுவிக் தலைமையில் பணி தொடங்கியது.

புகைவண்டி அம்மையநாயக்கனூர் வரைதான் வந்தது. அங்கிருந்து பள்ளத்தாக்கின் நெடுகிலும் மாட்டுவண்டிகள் சரக்கை இழுத்துவந்தன. மலையடிவாரத்திலிருந்து கயிற்றுப்பாதை அதனை மேலேற்றியது. அதன்பின் அணைத்தலம் வரை நீர்வழியும் துணைநின்றது. ஆக, அம்மலையில் உல்லாசப் படகுக்கு முன்னரே உழைப்பின் படகு மிதந்தது. மழையும் வெள்ளமும் தற்காலிகக் கரைகளை மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றன. மலைக்காய்ச்சல் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. அணையின் அருகே அவர்களது கல்லறைகள் இன்றும் உள்ளன. பென்னிகுவிக்கின் பெயரை நாடறியும். இவர்களில் பெரும்பாலோரின் பெயரை எவரும் அறியார்.

1895 அக்டோபர் 10 அன்று சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணைநீரைத் திறந்துவைத்தார். 5,704 அடி நீளச் சுரங்கம் வழியே மலையைத் துளைத்து வந்த பெரியாறு, வைரவனாற்றில் இறங்கி, சுருளியாற்றோடு சேர்ந்து வையையை அடைந்தது. அங்கே மலைமேல் காடு நீரில் மூழ்கிற்று. மூழ்கிய மரங்களின் கருத்த முண்டங்கள் நூற்றாண்டு கடந்தும் ஏரியில் நிற்கின்றன. பயணிகள் புகைப்படம் எடுக்கும் அம்மரங்கள், அவ்விடம் ஒருகாலத்தில் கரையாக இருந்தது என்பதற்குச் சான்று.

உல்லாசம் வந்தபோது

ஏரி பிறந்தபின் அரசர் வந்தனர். ஏரிநடுவே நீண்ட மேட்டில், இடப்பாளையத்தில், திருவிதாங்கூர் மன்னர்க்கு வேட்டை மாளிகை எழுந்தது. 1934இல் நெல்லிக்காம்பட்டி விலங்குப் புகலிடம் உருவாயிற்று. அது 1950இல் பெரியாறு வனவிலங்குப் புகலிடமாக விரிந்து, 1978இல் புலிகள் காப்பகமாயிற்று. நீர் பருக வரும் யானையையும் காட்டெருமையையும் படகிலிருந்தே காணலாம் என்பதால் தேக்கடியின் புகழ் உலகெங்கும் பரவியது. குட்டநாட்டில் நெல் ஏற்றிய கெட்டுவள்ளங்கள் பிற்காலத்தில் பயணியர் தங்கும் வீட்டுப்படகுகளான கதையும் இதைப் போன்றதே. உழைத்த நீர்வழி ஓய்வுக்குரிய நீர்வழியாகிறது. 1970ஆம் ஆண்டின் துணை ஒப்பந்தத்தில் குத்தகை வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆயிற்று. மீன்பிடி உரிமையைத் தமிழகம் கேரளத்துக்கு விட்டுக்கொடுத்தது. தமிழகப் பொறியாளர்கள் அணைக்குச் சென்றுவந்த படகொன்று 'கண்ணகி' என்ற பெயரைத் தாங்கியது. பெயரிட்டவர் சிலம்பறிந்தவர் போலும்.

2009 செப்டம்பர் 30 மாலையில் களிப்பின் படகே துயரின் படகாயிற்று. கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்னும் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். தமிழகத்திலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் விடுமுறைக்கு வந்தவர்கள் அவர்கள். கரையில் நின்ற விலங்குகளைக் காணப் பலர் ஒருபக்கம் திரண்டதும், மேல்தட்டின் பாரமும் அப்போது பேசப்பட்டன. உயிர்காப்பு உடை அணிவது அதன்பின்னரே கட்டாயமாயிற்று. விதி அறியாத குழந்தைகளும் இறந்தோருள் இருந்தனர் என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு கனக்கும்.

கீழே விளையும் நெல்

ஏரியின் மட்டம் படகோட்டிக்கு ஓர் அளவு. உழவனுக்கோ அதுவே ஆண்டு வருமானம். 152 அடி வரை தேக்கக் கட்டிய அணையில் 1979 முதல் 136 அடியே தேக்கப்பட்டது. 2014இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அது 142 அடியாயிற்று. அணையின் வலிமை பற்றிக் கீழ்ப்பெரியாற்று மக்களுக்கு உள்ள அச்சமும், நீர் பற்றி இப்பள்ளத்தாக்குக்கு உள்ள கவலையும் உயிர்க்கவலைகளே. ஒன்றை இகழ்ந்து மற்றொன்றைப் போற்றுதல் அறமன்று. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைவது அந்நீரால்தான். பாலார்பட்டியில் பென்னிகுவிக் பெயரால் பொங்கல் வைக்கும் உழவர்க்கு ஏரி என்பது காட்சிப்பொருள் அன்று. உலையில் கொதிக்கும் அரிசி.

படகில் ஒன்றரை மணிநேரம் உலாவித் திரும்பும் பயணி யானையைக் கண்டதைச் சொல்லி மகிழ்வான். தான் மிதந்தது மூழ்கிய காட்டின் மீது என்பதையும், அந்நீர் மலையின் மறுபுறம் நாற்றங்காலாக மாறுவதையும் அவனுக்குச் சொல்வார் இல்லை. சொல்லும் பொறுப்பு இம்மண்ணின் கவிஞர்க்கு உரியது. வையையின் புனலாட்டைப் பாடிய மரபு நம்முடையது. அப்படகுகளினிடையே ஒரு மரப்புணையையும் மறவாமல் பாடிய மரபும் நம்முடையதே. தேக்கடியின் அழகைப் பாடுவோர், பெயரறியாத அக்கல்லறைகளையும் ஓரடியிலேனும் பாடுவார்களாக.